ஒண்ணுக்கு இருபது

“இந்த ஏகநாதன் ஒரே ஒரு வர்க்கியையாவது குதிரை மேலயோ, மாட்டு மேலயோ, மனுசன் மேலயோ பந்தயமா வெச்சான்னு நீங்க கேள்விப்பட்டா, அன்னிக்கே எனக்குக் கணக்கு மறந்துபோச்சுன்னு அர்த்தம். ஒரு மாலையை வாங்கிட்டு நேரா ஊட்டுக்கு வந்துருங்க.”

இந்தப் பிரகடனம் வெளியான இடம், குன்னூருக்கு மேலே, தொழிற்சாலைக் குடியிருப்புக்கு ஏறும் பாதையின் வளைவில், வர்க்கி பிஸ்கட் விற்கும் செல்வியின் டீக்கடை. நேரம் மாலை நாலு மணி. எதிர் மலை மிஸ்டுக்குள் போய்விட்டிருந்தது. சாட்சிகள் ஒன்பது பேர். அதில் ஒருவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் எழுந்ததும் தாமும் கேட்டதாக ஒப்புக்கொண்டார். ஏகநாதன் சொன்னதைக் கேட்கவில்லை என்று சொல்லும் தைரியம் அந்த வளைவில் யாருக்கும் கிடையாது.

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை எடை போட அவிநாசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவரின் ஒரே மகன். தொழிற்சாலையில் பரிசோதகர் வேலை. ஒரு லாட்டில் ஆயிரம் உருப்படி வரும்; அதில் இருபதை எடுத்துப் பார்த்துவிட்டு ஆயிரத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பார்க்காததைப் பற்றி அடித்துப் பேசுவதை நாட்டில் பலர் இலவசமாகச் செய்துவருகிறார்கள். ஏகநாதன் அதை முறைப்படி, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் தேறியது என்று சொன்ன லாட் எதுவும் திரும்பி வந்ததில்லை.

அவருடைய ஞானம் பிறந்த இடம் ஊட்டி குதிரைப் பந்தயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மே மாதம், கூட வேலை பார்க்கிறவர்கள் ஐந்து பேர் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். ஓடப்போகிற குதிரை ஒன்பது. எந்தக் குதிரைக்கு என்ன ரேட்டு என்று எழுதிப் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் குதிரையின் காலையும் வாலையும் பார்த்தார்கள். ஏகநாதன் பேனாவை எடுத்தார். ஒண்ணுக்கு நாலு என்றால், நாலு தோல்விக்கு ஒரு வெற்றி. அதாவது ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு, நூற்றுக்கு இருபது. ஒண்ணுக்கு ஒன்பது என்றால் நூற்றுக்குப் பத்து. இப்படி ஒன்பது குதிரையையும் நூற்றுக்கணக்கில் மாற்றிக் கூட்ட, தன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதாமல் அடுத்தவர் டிக்கெட்டையும் வாங்கினார். வந்த விடை நூற்று இருபத்து நாலு.

“ஏப்பா, ஒரு பந்தயத்துல ஒரு குதிரைதான் ஜெயிக்கும். எல்லாக் குதிரையோட வாய்ப்பையும் சேத்தா நூறுதான வரோணும்? இங்க நூத்தி இருவத்திநாலு வருது. எச்சா நிக்கிற இருவத்திநாலு எந்தக் குதிரை?”

ஐவரும் எழுதிப் போட்டிருந்த ரேட்டை இன்னொரு தடவை படித்தார்கள்.

“அது குதிரையே இல்லே. ரேட்டு எழுதறவன். எந்தக் குதிரை ஓடுனாலும் அவன் முன்னாலயே ஓடி முடிச்சுட்டான்.”

ஐவரும் சிரித்துவிட்டு வைத்தார்கள், தோற்றார்கள். ஏகநாதன் வேர்க்கடலை தின்றார். திரும்பும்போது ஆறு பேருக்கும் டிக்கெட் எடுக்கும் வசதி அவர் ஒருவரிடமே இருந்தது. தத்துவம் பஸ் சார்ஜாக மாறும்போதுதான் ஜனங்கள் அதை மதிக்கிறார்கள். மறுநாளிலிருந்து அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

இப்படிப்பட்டவர் சும்மா இருப்பாரா? பந்தயம் வைக்கிறவன் முட்டாள், ரேட்டு எழுதுகிறவன் அறிவாளி என்று கண்டுகொண்டவர், தானே ரேட்டு எழுத ஆரம்பித்தார். செல்வி கடையில் ஒரு கரும்பலகை மாட்டப்பட்டது. காசு கூடாது என்பது செல்வி போட்ட சட்டம். “காசு வெச்சு வெளையாடுனா போலீசு வருமுங்ணா. வர்க்கி வெச்சு வெளையாடுனா அது என்ற யாவாரமுங்.” ஆகவே டீயில் முக்கினால் இதழ் இதழாகப் பிரியும் வர்க்கியே அந்த வளைவின் நாணயமாயிற்று. கடையில் வாங்கு, கடையிலேயே தகர டப்பாவில் போடு, சீட்டு எழுது.

தினப்படி பந்தயம் காட்டெருமை. காலைச் சங்கு ஊதுவதற்குள் குடியிருப்புக் கேட்டுப் பக்கம் காட்டெருமை வருமா, வராதா? இரண்டுக்குமே அஞ்சுக்கு நாலு என்று எழுதினார் ஏகநாதன். ஐந்து வர்க்கி வைத்து ஜெயித்தால் ஐந்தோடு இன்னொரு நாலு கிடைக்கும். வரும் என்பவர் ஐந்து, வராது என்பவர் ஐந்து, டப்பாவில் பத்து. ஜெயித்தவருக்கு ஒன்பது போக, மிச்சம் ஒன்று நிர்வாகச் செலவு. நிர்வாகம் அதை மாலையில் டீயோடு சாப்பிட்டது.

அவருடைய மிகச் சிறந்த வாடிக்கையாளர் ஒச்சப்பன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து தொழிற்சாலையில் ஃபிட்டராக இருப்பவர். தினமும் வைப்பார், பெரும்பாலும் தோற்பார், மறுநாள் புதுத் தத்துவத்தோடு வருவார்.

“அண்ணே, ஆறு நாளா எருமை எட்டிப் பாக்கல. இன்னிக்கு வந்தே தீரும். பத்து வைக்கிறேன்.”

“ஏப்பா ஒச்சப்பா, ஆறு நாளா வல்லைன்னு எருமைக்குத் தெரியுமா?”

“அதுக்கு எப்பிடிண்ணே தெரியும்?”

“அப்புறம்? அதுக்கென்ன வருகைப் பதிவேடா இருக்குது, லீவு தீந்துபோச்சு, இன்னிக்கு டூட்டிக்கு வந்துரோணும்னு?”

ஒச்சப்பன் சிரிப்பார், பத்து வர்க்கியும் வைப்பார். எருமை வராது. ஏகநாதனின் புகழ் வளரும்.

பலகையின் ஒழுக்கத்தைக் காக்க அவர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். ரேட்டு எழுதும்போது ஆளைப் பார்க்கக்கூடாது, பழைய பதிவைத்தான் பார்க்க வேண்டும்; பார்த்தால் பாசம் வந்துவிடும். எழுதிய ரேட்டை யார் சொன்னாலும் மாற்றக்கூடாது. ஒரு பக்கம் வர்க்கி வந்து குவிந்தால் மட்டும் அந்தப் பக்கத்து ரேட்டு இறங்கும். சாந்தாமணியின் கணவர் ஒரு தடவை தன் மனைவியின் ரேட்டைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சியபோது, கடையே கேட்க ஏகநாதன் சொன்னார்: “ரேட்டை மாத்தறது என்ற கை இல்லீங்க. வர்க்கிதான் மாத்தும்.”

சாந்தாமணிக்கு எதற்கு ரேட்டு என்றால், வருடா வருடம் மே மாதம் குடியிருப்பில் தோட்டப் போட்டி நடக்கும். நடுவர்கள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள். பலகைக்கு அதுதான் தீபாவளி.

இந்த வருடம் ஏழு தோட்டம். ரோஸ்மேரி டீச்சர் நாலு முறை பரிசு வாங்கியவர், ஒண்ணுக்கு ஒண்ணு. சாந்தாமணி ஒண்ணுக்கு மூணு. மற்ற நாலு பேர் தலைக்கு ஒண்ணுக்குப் பதினொண்ணு. ஏழாவது தோட்டத்தின் பழைய பதிவை எடுத்தார். பதினோரு வருடம் கலந்துகொண்டது, ஆறுதல் பரிசுகூட இல்லை. அப்படியே எழுதினார்: ஒண்ணுக்கு இருபது. ஏழையும் கூட்டினால் நூற்றுப் பதின்மூன்று. அழகான பலகை. பின்னால் இரண்டடி நகர்ந்து நின்று ரசித்தார்.

ஏழாவது தோட்டத்துக்காரர் பெயர் உமாராணி. இருபத்தெட்டு வருடமாக ஏகநாதனின் மனைவி.

திங்கட்கிழமை காலை உமாராணி பால் வாங்கக் கடைக்குப் போய்வந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த கணவருக்குச் சோறு போட்டு, ரசம் ஊற்றி, எதிரில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க, இந்த ஒண்ணுக்கு இருபதுன்னு போடறீங்களே, அதுக்கு என்னுங்க அர்த்தம்?”

ஏகநாதனுக்குப் புல்லரித்தது. இத்தனை வருடத்தில் இந்தச் சாஸ்திரத்தைப் பற்றி மனைவி கேட்கும் முதல் கேள்வி. ரசத்தைத் தள்ளிவைத்தார்.

“கேட்டியே, இதுதான் கேள்வி! ஒரு வர்க்கி வெச்சா இருபது கெடைக்கும். அத்தனை எதுக்குக் குடுக்கறாங்க? ஜெயிக்காதுங்கற தைரியத்துல. இருவத்தியோரு தடவை போட்டி நடந்தா ஒருக்கா ஜெயிக்கும். நூத்துக்கு அஞ்சுகூட வராது.”

“வருசத்துக்கு ஒரு போட்டின்னா, இருவத்தியோரு வருசத்துல ஒருக்கா.”

“புடிச்சுட்ட பாரு! ஒச்சப்பனுக்கு இதைப் புரியவெக்க எனக்கு ஆறு மாசமாச்சு.”

“அந்த இருபதுக்கு நேரா என்ற பேரு இருக்குதுங்க.”

ஏகநாதன் ரசத்தை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஆனாலும் உண்மையின் பக்கம் நிற்பவனுக்கு என்ன பயம்?

“இதுல பாசம் பாக்கக்கூடாது கண்ணு. பதினோரு வருசப் பதிவு. பதினோரு சுழி.”

“பதினோரு வருசமா தோத்தது நானுங்களா, அந்தக் கற்பூர மரமுங்களா?”

வீட்டின் பின்னால் தோட்டத்துக்கு மேலே ஒரு கற்பூர மரம், மலைக்குக் கீழே யூகலிப்டஸ் என்பார்களே அது, நின்றிருந்தது. மூன்று பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். காலை பத்து மணிக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் வெயில் விழாது. விழும் இலை எதையும் முளைக்கவிடாது. போன ஐப்பசி மழையில் அது வேரோடு சாய்ந்தது. ஆள் வைத்து அறுத்து அகற்றியதும் ஏகநாதனுக்குத் தெரியும். அறுக்கும் சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கெட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டவர்தான்.

“இப்ப சாயந்தரம் நாலு மணி வரைக்கும் வெயிலுங்க. டேலியா ஒவ்வொண்ணும் சோத்துத் தட்டு அகலத்துக்குப் பூத்து நிக்குது. ரேட்டு எழுதறதுக்கு முன்னால ஒரு நடை பின்னால வந்து பாத்தீங்களா?”

ஆயிரத்துக்கு இருபதை எடுத்துப் பார்ப்பவர், இருந்த ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. லாட் மாறினால் பழைய லாட்டின் சோதனை செல்லாது. தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் அவர் சொல்லிக்கொடுப்பதே இதுதான். ஐப்பசியில் லாட் மாறியிருக்கிறது. அவர் ஏழு மாதமாகப் பழைய சான்றிதழை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

“அதில்லே, பொதுவா...”

“வியாழக்கிழமை ஜட்ஜுங்க வர்றப்ப நம்ம கேட்டுல பூட்டுத்தான் தொங்கும். நான் புதன்கிழமை மத்தியானமே லவ்டேலுக்கு என்ற தங்கச்சி ஊட்டுக்குப் போறனுங்க. ஊட்டுக்காரரே நூத்துக்கு அஞ்சு போடலைங்கறப்ப, வெளியாளுக்கு நான் ஏனுங்க கேட்டைத் தொறந்து வெச்சுட்டு நிக்கோணும்?”

பூட்டிய தோட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. பதினோரு வருடம் நிழலில் பாடுபட்டவர், வெயில் வந்த முதல் வருடத்தில் போட்டியை விட்டே போகப் பார்க்கிறார். அதற்குக் காரணம் மழையும் இல்லை, எருமையும் இல்லை. அரை அங்குலச் சாக்பீஸ்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஏகநாதன் பின்பக்கம் போனார். முறைப்படி இருபது செடியைத் தேர்ந்தெடுத்து, இலைக்கு அடியில் பார்த்து, தண்டை அசைத்துப் பார்த்து, மொட்டு எண்ணினார். இருபதில் குறை சொல்ல ஒன்றுகூட இல்லை. மிச்சத்தையும் பார்த்தார், அப்படிப் பார்க்கச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. அடர்சிவப்பு டேலியா ஒன்று, பனி சொட்டிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராக நின்றது. வேலைக்குப் போகும் வழியில் மனதுக்குள் கணக்கைத் திருப்பிப் போட்டார். ஒண்ணுக்கு நாலு. அதற்கு ஒரு புள்ளி கூட்டி எழுதினால்கூட அநியாயம்.

பலகையை அழித்து எழுத எவ்வளவு நேரம்? ஆனால் சாந்தாமணியின் கணவர் தினமும் அந்தப் பலகைக்கு எதிரில்தான் உட்காருகிறார். அடுத்தவன் மனைவிக்கு விதி, தன் மனைவிக்குச் சலுகையா? ஆகவே முறையான வழி ஒன்றுதான்: உமாராணி மேல் யாராவது வர்க்கி வைக்க வேண்டும். ஏகநாதன் ஒச்சப்பனைத் தனியாக அழைத்தார்.

“ஒச்சப்பா, ஏழாவது தோட்டத்து மேல ஒரு பத்து வெச்சுப் பாரேன்.”

“மதினி மேலயா?” ஒச்சப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க இருவது போட்ருக்கீகளேண்ணே. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுரப் போகுது?”

“நான் தோட்டத்தைப் பாக்காம போட்டுட்டேன்பா.”

“பாக்காம போட்டதுனாலதாண்ணே நம்புறோம். பாத்துப் போட்டா பாசம் வந்துரும்னு நீங்கதானே சொன்னீக?”

“இருபது பங்கு கெடைக்கும்டா!”

“ரேட்டு பெருசா இருந்தா ஆசைப்படாத, அது தோக்கப்போறவனுக்குப் போடுற மாலைன்னு சொன்னது யாரு? நானா? ஏண்ணே, என்னைச் சோதிக்கிறீகளா? தேறிட்டேன்ல?”

மாணவன் தேறிவிட்டான். பலகை மாட்டிய நாளிலிருந்து முதல்முறையாக ஒச்சப்பன் ஒரு பந்தயத்தை மறுத்துவிட்டு, பெருமையோடு டீ குடிக்கப் போனார். ஏகநாதன் இன்னும் மூன்று பேரிடம் பேசிப் பார்த்தார். மூவரும் அவருடைய பொன்மொழிகளையே எடுத்து அவரிடம் நீட்டினார்கள். ரேட்டு இருபது என்பதால் யாரும் வைக்கவில்லை. யாரும் வைக்காததால் ரேட்டு இருபதாகவே நின்றது. அந்தப் பலகை பழைய பதிவைப் பார்த்து எழுதியது போக, இப்போது தன்னையே பார்த்து எழுதிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஏகநாதன் அரை நாள் லீவு போட்டார். வெளியே வந்தபோது மணி இரண்டரை. ஷிப்ட் நேரம் என்பதால் கடையில் செல்வியைத் தவிர ஒருவரும் இல்லை. அவர் நாலு பாக்கெட் வர்க்கி வாங்கினார். நாற்பது உருப்படி. பிரித்து எண்ணித் தகர டப்பாவில் போட்டார்.

“ஆருக்குங்ணா வெக்கறீங்க?” என்றார் செல்வி.

“ஏழாவது தோட்டத்துக்கு.”

“அதில்லீங்ணா, ஆருக்காக வெக்கறீங்க? ஆரு குடுத்துவுட்டாங்க?”

ஏகநாதன் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதில் மூன்று கட்டம்: எந்தத் தோட்டம், எத்தனை வர்க்கி, வைப்பவர் பெயர். முதல் கட்டத்தில் உமாராணி என்று எழுதினார். இரண்டாவதில் நாற்பது. மூன்றாவதை விட்டுவிட்டு ஈரத் துணியை எடுத்துப் பலகையில் இருபதை அழித்தார். நாற்பது வர்க்கி ஒரே பக்கம் குவிந்தால் விதிப்படி ரேட்டு இறங்கத்தானே வேண்டும்? ஒண்ணுக்கு நாலு என்று எழுதினார்.

செல்வி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “ஏனுங்ணா, இருபது பங்குல நாப்பது வெச்சிருக்கீங்க. ஜெயிச்சா எண்ணூறு வர்க்கியுங். ஆரு குடுக்கோணும்?”

“ரேட்டு எழுதுனவன். நாந்தான்.”

“ஆருக்குங்?”

“வெச்சவனுக்கு.”

“வெச்சதும் நீங்கதானுங்களே. தோத்துப்போனா?”

“நாப்பதும் ரேட்டு எழுதுனவனுக்கு.”

“அதுவும் நீங்கதானுங்.” செல்வி டீ வடிகட்டியைக் கீழே வைத்தார். “ஜெயிச்சாலும் ஒண்ணும் வரலே, தோத்தாலும் ஒண்ணும் போகலே. அப்புறம் எதுக்குங்ணா இந்தச் சோலி?”

எத்தனையோ வருடமாக அந்தக் கடையில் எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருந்தவர் எதிர் மலையைப் பார்த்தார். அங்கே மிஸ்ட் இன்னும் இறங்கவில்லை. பார்த்துக்கொண்டு நிற்பதற்கு நிறைய இருந்தது.

பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. உமாராணி ஒரு துணிப்பையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். ஊட்டி பஸ் கடை வாசலில்தான் நிற்கும். வேலை நேரத்தில் கணவரைக் கடையில் கண்டதும் நின்றார். பிறகு அவர் கையில் இருந்த ஈரத் துணியையும் விரலில் இருந்த சாக்பீஸ் தூளையும் பார்த்தார். அதற்குப் பிறகு பலகையைப் பார்த்தார்.

“நாலாயிருக்குது.”

“ஆமா.”

“நீங்களா அழிச்சு எழுதுனீங்களா?”

“சேச்சே. அதெப்படி? வர்க்கி வந்துச்சு. எறங்குச்சு.”

“எத்தனைங்க?”

“நாப்பது.”

உமாராணி பையைத் தரையில் வைத்தார். குடியிருப்பில் தன் மேல் நாற்பது வர்க்கி வைக்கக்கூடிய ஆள் யார் என்று யோசித்துப் பார்த்தார், யாரும் அகப்படவில்லை.

“ஆருங்க வெச்சது?”

ஏகநாதன் செல்வியைப் பார்த்தார். செல்வி, முக்கியமான நேரத்தில் கடைக்காரர்கள் செய்கிறபடி, அடுப்பைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “லவ்டேல், ஊட்டி! ஏறுங்க அம்மா, சீக்கிரம்.”

உமாராணி அசையவில்லை. ஏகநாதன் சீட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. பென்சிலை எடுத்து, இனிஷியலோடு, தன் பெயரை எழுதினார். புத்தகத்தை மனைவி படிக்கும்படி மேசைமேல் நகர்த்தி வைத்தார்.

உமாராணி படித்தார். ஒரு பெயரைப் படிக்க ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

“நீங்க போலாமுங்க,” என்றார் கண்டக்டரிடம். “நாளைக்குக் காத்தால ஊட்டுக்கு ஆளுக வர்றாங்க.”

பஸ் கிளம்பியது. ஏகநாதன் தலை நிமிரவில்லை. லாட்டுக்குக் கையெழுத்துப் போடும் பழக்கத்தில், பெயருக்குக் கீழே தேதியையும் எழுதிக்கொண்டிருந்தார்.